பரங்கிமலைச் சங்கிலியும் சுங்கை பெசி விமானியும்



கிள்ளானுக்கு அப்பால், கடலோரப் பக்கமாக அமைந்த ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்பது நான் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகவே, நண்பர் ஒருவரிடம் கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். தோட்ட அலுவலகத்து அலமாரியில் நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. ஒரு மைல் தூரத்தை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்த படம். அதையும் கேட்டு வாங்கி வந்தேன்.

பள்ளித் திடலின் நடுவில் நின்று கருவி காட்டிய எண்களைப் படித்தோம். அந்த எண்களைக் கொண்டு, வரைபடத்தின் ஓரத்திலுள்ள அளவுகளின்படி அளவுகோல் வைத்துப் புள்ளி குறித்தோம். புள்ளி பள்ளியின் மேல் விழவில்லை. மேற்கே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி, செம்பனை மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. தாளில் இரண்டரை மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் சுமார் 160 மீட்டர்! மீண்டும் அளந்தோம். மீண்டும் அதே இடம்.

“சார், மிசின் பொய் சொல்லுதா, மேப்பு பொய் சொல்லுதா?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பதிலைத் தேடிப் போனபோதுதான், அந்த 160 மீட்டருக்குள் இருநூறாண்டு வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது என்பதையும், அதன் தொடக்கம் நம் முன்னோர் கப்பலேறிய தமிழ் மண்ணிலேயே இருக்கிறது என்பதையும் அறிந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. ஆனால், நம் தலைக்கு மேலே சிறு விமானம் ஓட்டிச் செல்பவருக்கு அது உயிரோடு தொடர்புடைய செய்தி. எனவே, சிறு விமானங்கள் வழி கண்டறியும் முறை எவ்வாறு வளர்ந்து வந்தது என்பதை நம் கிள்ளான் பள்ளத்தாக்கை வைத்தே இன்று பார்ப்போம்.

நேயர்களே, 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும்வரை கோலாலம்பூரின் விமான நிலையம் சுங்கை பெசியிலேயே இருந்தது. பெரிய விமானங்கள் சுபாங்கிற்கு மாறிய பின்னரும் ஆகாயப்படையும், சிறு விமானங்களை வைத்திருந்த பறத்தல் கழகமும் நெடுங்காலம் அங்கேயே நிலைத்திருந்தன. பிரிக்பீல்ட்சில் குடியிருந்த இரயில்வேத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இரும்புப் பாதையின் ஓசை எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கம் தலைக்கு மேலே சிறு விமானத்தின் இரைச்சலும்.

இவ்விரண்டு ஓசைகளுக்கும் ஓர் உறவு உண்டு. மேலே பறந்தவர் கீழே பார்த்து வழி கண்டறிய, அந்த இரும்புப் பாதையே பெருந்துணையாக இருந்தது. காடும் இரப்பர்த் தோட்டமும் மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று எளிதில் சொல்ல முடியாது. ஆறுகள் மழைக்காலத்தில் உருமாறும். தண்டவாளம் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடா வரை 1886-ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மேற்கே போக வேண்டிய விமானி அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டே கடலைச் சென்றடையலாம். வடக்கே போகிறவருக்கு ரவாங், தஞ்சோங் மாலிம் வழியாக ஈப்போ வரை இன்னொரு பாதை. அந்தத் தண்டவாளங்களைப் போடக் காட்டை வெட்டி மண் சுமந்தவர்களுள் தமிழர் மிகப் பலர். வானத்தில் செல்பவருக்கும் தாங்கள் வழி போடுவதாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

மேகமோ புகைமூட்டமோ மறைத்துத் தண்டவாளம் தெரியாமற் போனால் என்ன செய்வது? அப்போது விமானிக்குத் துணை மூன்று: திசைகாட்டி, கடிகாரம், மடியில் விரித்த வரைபடம். புறப்படுமுன்னரே வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோணம் அளந்து, வேகத்தையும் காற்றையும் கணக்கிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் எந்த ஊரின் மேல் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார். ஒரு கணக்கைப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவிற்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 93 கடல் மைல். மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் பறக்கும் சிறு விமானம் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். இந்தப் பயணத்தில் திசை ஐந்தே பாகை வலப்பக்கம் பிசகினால் போதும். ஈப்போவை அடைய வேண்டிய நேரத்தில் விமானம் எட்டுக் கடல் மைல், அதாவது 15 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும். கிழக்கே இருப்பது எது? தித்திவங்சா மலைத்தொடர்! மேகத்துக்குள் மலை இருக்கும் நாட்டில் ஐந்து பாகை சிறிய பிழையன்று.

1948-ஆம் ஆண்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, இந்தக் கலை மிகக் கடினமான சோதனைக்கு உள்ளாயிற்று. பிரிட்டிஷ் படையின் 656-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஆஸ்டர் என்னும் சின்னஞ்சிறு விமானங்கள் காட்டின் மேல் தாழப் பறந்து, மறைவிடங்களையும் காட்டுக்குள் புதிதாய்த் தோன்றிய தோட்டங்களையும் தேடின. கண்ட இடத்தைக் கீழே நடந்துவரும் படைக்கு வானொலி மூலம் எண்களாகச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் கையிலும் கீழே இருப்பவர் கையிலும் ஒரே வரைபடம் இருந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வரைபடம் எப்படிப் பிறந்தது? இங்கேதான் நாம் கடல் கடந்து செல்ல வேண்டும்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றைத் தரையோடு தரையாகப் பரப்பி நிலத்தை அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஒரே நேர்கோடு. அதை அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள குன்றுகளையும் கோபுரங்களையும் கருவியால் நோக்கிக் கோணங்களை அளந்தார்கள். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கால் கண்டுபிடித்துவிடலாம் என்பது நம் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தெரியும். முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அந்த அளவை தெற்கே கன்னியாகுமரிவரை சென்றது. பின்னர் வடக்கே இமயத்தின் அடிவாரம்வரை சென்றது.

கோணம் அளக்கும் அந்தத் தியோடலைட் கருவியின் எடை அரை டன். 1808-ஆம் ஆண்டில் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றினார்கள். சமவெளியான தஞ்சைப் பகுதியில் அதைவிட உயரமான இடம் வேறு ஏது? பாதியில் கயிறு அறுந்தது. கருவி மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். இராசராசன் எழுப்பிய விமானத்தின்மேல், நாளை வானில் பறக்கப்போகும் விமானத்திற்கான அளவு எடுக்கப்பட்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “அந்தக் கயிற்றை இழுத்தவங்க பேரு என்ன சார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் படித்த நூல்களில் துரைமார் பெயர்கள் இருக்கின்றன. கயிறு இழுத்தவர், சங்கிலி பிடித்தவர், கொடி பிடித்துக் குன்றின்மேல் நின்றவர் பெயர்கள் இல்லை.

லாம்டன் 1823-இல் காலமானார். அவருக்குப் பின் பணியைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். மலைக்குப் பெயர் தந்தாரே, அவரேதான். பூமி சரியான உருண்டை அன்று. நடுவில் சற்றுப் பருத்தது, துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு பருமன், எவ்வளவு தட்டை என்பதை, இந்திய மண்ணில் அளந்த அளவுகளை முதன்மையாகக் கொண்டு எவரெஸ்ட் 1830-இல் கணக்கிட்டார். பூமியின் இந்தக் கணித உருவத்திற்கு ‘எவரெஸ்ட் 1830’ என்று பெயர். பிரிட்டிஷார் தாம் ஆண்ட பக்கத்து நாடுகளிலும் இதே உருவத்தை எடுத்தாண்டார்கள். மலாயாவில் பகாங் மாநிலத்தின் கெர்தாவ் என்னும் இடத்தை மூலப் புள்ளியாக வைத்து, எவரெஸ்ட் உருவத்தின்மேல் நாட்டின் முக்கோண அளவை பொருத்தப்பட்டது. 1948-இல் திருத்தி அமைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை ‘கெர்தாவ் 1948’ என்பார்கள். ஆஸ்டர் விமானியின் மடியிலும், எங்கள் தோட்ட அலுவலகத்து அலமாரியிலும் இருந்த தாள்கள் இந்தப் பரம்பரையில் வந்தவையே. நம் பாட்டன்மார் மட்டுமல்லர், அவர்கள் வந்து சேர்ந்த நாட்டின் வரைபடமும் ஒருவகையில் சென்னையிலிருந்தே கப்பலேறியது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய்யில்லை.

இனி ஜி.பி.எஸ். முறைக்கு வருவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைகளுக்கென்று வகுத்த திட்டம் அது. முதல் செயற்கைக்கோள் 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் முதல் நாள், கொரிய நாட்டின் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். அதன் பிறகே, பணி முடிந்ததும் ஜி.பி.எஸ். முறையைப் பொதுமக்களின் விமானங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகன் அறிவித்தார். 24 செயற்கைக்கோள்களுடன் முழுமையான இயக்கம் 1995-இல் அறிவிக்கப்பட்டது.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு விளையாட்டே போதும். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம்; இடி கேட்டதும் நிறுத்துவோம். மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தொலைவு. செயற்கைக்கோளும் அப்படித்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அலை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துக் கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால், நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழையைத் திருத்த நான்காவது கோள் வேண்டும். ஒரு விநாடியை நூறு கோடிக் கூறுகளாக்கி, அதில் ஒரே ஒரு கூறு பிசகினாலும் தொலைவில் 30 சென்டிமீட்டர் பிசகும்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. அதனால் இடம் நூறு மீட்டர்வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகெங்கும் இருந்த கருவிகள் பத்து, இருபது மீட்டருக்குள் சரியாகக் காட்டத் தொடங்கின. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கருவி நூறு மீட்டர் தடுமாறிக்கொண்டிருந்தவரை வரைபடத்தின் 160 மீட்டர் வேறுபாடு அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. கருவி திருந்திய பிறகு, வரைபடத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது.

ஏன் ஒத்துப்போகவில்லை? செயற்கைக்கோள்கள் பூமியின் நிறை மையத்தைச் சுற்றுகின்றன. ஆகவே, ஜி.பி.எஸ். முறைக்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு பூமி உருவம் வேண்டும். அதற்கு ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்று பெயர். எவரெஸ்டின் உருவமோ இந்தியப் பகுதிக்கு இறுக்கமாகப் பொருந்துமாறு தைத்த சட்டை. அதன் நடுக்கோட்டு ஆரம் புதிய உருவத்தைவிட 800 மீட்டருக்கும் மேல் குறைவு. மலாயாவில் அதைப் பொருத்தியபோது அதன் மையமும் பூமியின் உண்மையான மையத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவே விலகி நின்றது. இதன் விளைவாக, ஒரே மரத்தடிக்கு இரண்டு முகவரிகள். கெர்தாவ் கணக்கில் ஒரு தீர்க்கரேகை, டபிள்யூ.ஜி.எஸ். கணக்கில் இன்னொரு தீர்க்கரேகை. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் இடையே சுமார் 160 மீட்டர். கருவியும் பொய் சொல்லவில்லை, படமும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு பூமிகளைப் பற்றிப் பேசின.

சிறு விமானம் 160 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றரை விநாடி. வெளிச்சமான பகலில் இது பொருட்டே அன்று. ஆனால், 1997-ஆம் ஆண்டைப் போன்ற புகைமூட்டக் காலத்தில், சுண்ணாம்புக் குன்றுக்கும் மின்கோபுரத்துக்கும் இடையே போகிறவருக்கு அப்படிச் சொல்ல முடியுமா? (அத்தகைய மூட்டத்தில் சிறு விமானம் கிளம்பவே கூடாது என்பதுதான் விதி. கிளம்பிய பிறகு மூட்டம் சூழ்ந்துகொள்வதும் உண்டு.)

1990-களின் நடுப்பகுதியிலிருந்து கணினி வரைபடங்கள் பரவலாயின. அப்போது விமானிகளும் காட்டுவழிப் பயணிகளும் கையாண்ட முறை இது. தாள் வரைபடத்தைக் கணினிக்குள் படமாக ஏற்றுவார்கள். படத்தில் நன்கு தெரிந்த சில இடங்களைச் சுட்டி, அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தட்டுவார்கள். மற்ற இடங்களின் எண்களை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் உருவான ஓஸி எக்ஸ்புளோரர் இவ்வகையில் பெயர் பெற்றது. மடிக்கணினியில் கம்பி கோத்து ஜி.பி.எஸ். கருவியை இணைத்தால், படத்தின்மேல் ஒரு சிறு அடையாளம் ஊர்ந்து செல்லும். அதுதான் நாம் இருக்கும் இடம். பென்சில் கோட்டை மட்டுமே நம்பி வளர்ந்த ஒரு விமானிக்கு அது மாயமாகவே தோன்றியிருக்கும்! ஆனால், படத்தை ஏற்றும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் தாள் எந்தப் பூமி உருவத்தைச் சார்ந்தது? அங்கே ‘கெர்தாவ் 1948’ என்று தேர்ந்தெடுக்காமல் விட்டால், அடையாளம் அழகாக ஊரும்; ஆனால் 160 மீட்டர் தள்ளி ஊரும். தவறு நடந்ததற்கு எந்த அறிகுறியும் திரையில் இராது.

உலக விமானப் போக்குவரத்துக்கு இந்தக் குழப்பம் ஆகாது என்பதால், 1998-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து விமானத் துறைக்குரிய எல்லா இடக் குறிப்புகளும் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கிலேயே இருக்க வேண்டும் என்று அனைத்துலக அமைப்பு வகுத்தது. அதே ஆண்டு சூன் மாதத்தில்தான் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டு நில அளவைத் துறையும் 2003-இல் ‘ஜி.டி.எம். 2000’ என்னும் புதிய ஏற்பாட்டுக்கு மாறியது. அது உலகக் கணக்கோடு ஒத்துப்போவது. 2010-இல் கைப்பலகைக் கணினி கடைக்கு வந்தபிறகு கம்பியும் போயிற்று, மடிக்கணினியும் போயிற்று. வரைபடம், வான்வெளி எல்லைகள், வானிலை எல்லாம் தொடையில் கட்டிக்கொள்ளும் ஒரு பலகைக்குள் அடங்கிவிட்டன. சுபாங்கிற்கும் சிப்பாங்கிற்கும் இடையே பெரிய விமானங்கள் ஏறி இறங்கும் நெரிசலான வானத்தில், தனக்கு அனுமதிக்கப்பட்ட பாதையையும் உயரத்தையும் விட்டு விலகாமல் செல்ல வேண்டிய சிறு விமானிக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

எனினும் எண்ணைத் தட்டுவது மனிதக் கைதானே! ஒரு சிறு கணக்கு சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 3.15 பாகை என்பது எத்தனை பாகை, எத்தனை கலை? பலர் 3 பாகை 15 கலை என்பார்கள். தவறு. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 0.15 பாகை என்பது 9 கலை. கோலாலம்பூர் நகர மையத்தின் அட்சரேகை ஏறக்குறைய இதுதான். 3.15 என்று எழுதியிருப்பதை 3 பாகை 15 கலை என்று தட்டிவிட்டால் 6 கலை, அதாவது 11 கிலோமீட்டர் வடக்கே போய்விடுவோம். அங்கே என்ன இருக்கிறது? பத்துமலைச் சுற்றுவட்டாரம்! தைப்பூசத்திற்குப் போகிறவருக்கு நல்லது. தாழப் பறக்கிறவருக்கு நல்லதன்று.

இடம் மட்டும் தெரிந்தால் போதாது, உயரமும் தெரிய வேண்டும். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று பூச்சோங் அருகே குன்றில் மோதியது. நான்கு ஊழியர்களும் இறந்தனர். 2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டு நிலையம் கூறியது. எண்ணின் முதல் இலக்கமான இரண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், ‘வரை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் காதுக்கு ஒன்றே. விமானிகள் அதை ‘400 வரை’ என்று கொண்டு இறங்கிவிட்டார்கள். நிலம் நெருங்குகிறது என்று விமானத்திலிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் பயனில்லை. அது பெரிய விமானம். நம் பொருள் சிறு விமானம். ஆனாலும் இதைச் சொல்லக் காரணம், அன்று அவ்வளவு பெரிய விமானத்திலும் இல்லாத ஒன்று இன்று சிறு விமானியின் தொடையில் இருக்கிறது. தனக்கு முன்னாலுள்ள குன்று தன்னைவிட உயரமானால் திரையில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? இத்தகைய படங்களுக்கு உதவும் உயர அளவுகளில் பெரும்பகுதி, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் ராடார் அலைகளால் எடுத்தவை. லாம்டனுக்கு ஏழரை மைலுக்கு 57 நாள். எண்டவருக்கு உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதிக்கும் 11 நாள்! ஆயினும் ராடார் அலை அடர்ந்த மரக் கூட்டத்தின்மேல் பட்டால், முழுவதும் தரைவரை இறங்குவதில்லை. மரங்களின் உயரமும் கணக்கில் கலந்துவிடும். அன்று காடாக இருந்து இன்று வெட்டிச் சமன் செய்யப்பட்ட இடம் படத்தில் உயர்ந்தே இருக்கும். அதன் பிறகு எழுந்த கோபுரமோ அந்தப் படத்தில் இராது. 2000-த்தில் எடுத்த அளவுக்கு, பிறகு எழுந்த 118 மாடி மெர்டேக்கா கோபுரம் எப்படித் தெரியும்? அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இப்படிச் சேர்ப்பதும் நீக்குவதும் ஓயாத வேலை. உலகெங்கும் விமானத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை என்னும் கால ஒழுங்கில் திருத்தப்படுகின்றன. நம் பள்ளத்தாக்கில் திருத்தத்திற்குக் குறைவே இல்லை. ஒருகாலத்தில் விமானி மேலிருந்து பார்த்து அடையாளம் கண்ட ஈயக் குட்டைகள் பல தூர்க்கப்பட்டுவிட்டன, சில பூங்காக்களாயின. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. புக்கிட் ஜாலில் தோட்டத்தில் விளையாட்டரங்கம் எழுந்தது. பிரிக்பீல்ட்சின் இரயில்வேக் கொட்டகைகள் இருந்த இடத்தில் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. தண்டவாளம் மட்டும் அன்று போலவே மேலிருந்து தெரிகிறது. 2018-இல் சுங்கை பெசி விமானத்தளமும் மூடப்பட்டது. பழைய தகவலைத் திருத்தாமல் வைத்திருப்பவரின் பலகையில் அங்கே இன்னும் ஓர் ஓடுதளம் இருக்கும். இயந்திரம் நின்றுபோய் இறங்க இடம் தேடுகிறவர் அதை நம்பித் திரும்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுவாரம் அந்தக் கருவியை மீண்டும் வகுப்புக்குக் கொண்டு சென்றேன். அதன் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட பூமி உருவங்களின் பெயர்கள். தேடிப் பிடித்து ‘கெர்தாவ் 1948’ என்பதை அழுத்தினோம். திடலின் அதே இடத்தில் நின்று எண்களைப் படித்து, அதே தாளில் குறித்தோம். இம்முறை புள்ளி பள்ளியின் மேலேயே விழுந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். கேள்வி கேட்ட மாணவனுக்கு மட்டும் முழுத் திருப்தி இல்லை. “அப்ப பக்கத்துத் தோட்டத்தோட எல்லைக் கல்லு எந்தக் கணக்குல சார் நட்டிருக்கு?” என்றான். அதற்குப் பதில் தேட இன்னொரு பழைய தாள் வேண்டும். அலுவலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.